சாவி அவரிடம்தான் இருந்தது

வேதவல்லி மேடம் காலமான செய்தி வந்தபோது நான் சாமராஜநகரில், மாவட்ட அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மகள் ரமா அனுப்பிய இரண்டு வரிதான். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். வெள்ளிக்கிழமை வருகிறேன், புது மனுவை எடுத்து வை, பார்த்துத் தருகிறேன் என்று சொன்ன மனுஷி வியாழக்கிழமை இப்படிச் செய்யலாமா என்று வாய்விட்டே திட்டினேன். கடைக்காரர் இன்னும் எத்தனை காப்பி வேண்டும் என்று மூன்றாவது தடவை கேட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மைசூர் விஜயநகரில் காலை ஆறு மணிக்குச் சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, யாருக்கும் வழி விடாமல் நடப்பாரே, அவர்தான். அரசு அலுவலகத்தில் அவர் மேற்பார்வையாளராகவும் தகவல் அலுவலராகவும் இருந்தது சிலருக்குத் தெரியும். ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு அவர், "அந்தத் தண்ணீர் பைலை வெளியே கொடுத்த அம்மா." இரங்கல் சொல்ல வந்தவர்கள்கூட அதைத்தான் பேசினார்கள். அந்தக் காரியத்தை அவர் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதினோரு வருடமாக என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை, இப்போது எப்படி முடிகிறது என்பதையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது ஒரு கன்னட மாலைப் பத்திரிகையின் நிருபர். அப்பா கொள்ளேகால் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். தமிழ் எனக்கு வாயில்தான் இருந்தது, கண்ணில் இல்லை. ஒரு வரி படிக்கத் தெரியாது. கோபம் மட்டும் எந்த மொழியிலும் குறைவில்லாமல் வரும். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் முப்பத்தோரு கேள்விகள் கேட்டு அவருடைய அலுவலகத்துக்கு ஒரு மனு அனுப்பியிருந்தேன். மூன்றாம் நாள் போனில் கூப்பிட்டு நேரில் வரச் சொன்னார்கள். மிரட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முடிவு செய்து, சண்டைக்குத் தயாராகப் போய் நின்றேன்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என் மனுவைப் படித்துக்கொண்டே, "மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டு நிக்காதே, ஸ்வல்ப உக்காரு" என்றார். என் அப்பா பெயரைப் பார்த்துத் தமிழ் என்று கண்டுபிடித்திருக்கிறார். "ஏழாவது கேள்வியில, ஏன் நடவடிக்கை எடுக்கலைன்னு கேட்டிருக்கே. ஏன்னு கேட்டா நான் பதிலே சொல்ல வேண்டாம். சட்டத்துல ஏன் கிடையாது. நடவடிக்கைக் குறிப்போட நகல் கொடுங்கோன்னு கேளு. அப்போ நான் கொடுத்தே ஆகணும்." சிவப்புப் பேனாவை எடுத்து இருபது கேள்விகளை அடித்தார். மிச்சம் பதினொன்றையும் திருத்தினார். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம்தான். மேஜைக்கு இந்தப் பக்கம். ஆனா உன் பேப்பர் சரியா இருந்தாத்தான் நான் மேல இருக்கறவாகிட்ட வாதாட முடியும். சும்னே, வெறும் கோபத்தைப் பேப்பர்ல எழுதி அனுப்பினா, அதை நிராகரிக்கறது அவாளுக்கு ரொம்ப சுலபம்."

அந்தப் பதினொரு கேள்விக்கும் பதில் வந்தது. நான் எழுதிய நல்ல செய்திகளில் பாதிக்கு அந்தச் சிவப்புப் பேனாதான் காரணம். இதை அவர் இருந்தபோது ஒருநாள்கூட வாயால் சொன்னதில்லை என்பது இப்போது உறுத்துகிறது.

அவர் வேலை செய்யும் விதமே தனி. நகல் கொடுக்கும்போது சில பெயர்களை மறைக்க வேண்டும் என்றால் மற்ற அலுவலகங்களில் கறுப்பு மையைத் தேய்ப்பார்கள், இல்லையென்றால் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுவார்கள். மேடம் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை மெல்லிய பட்டைகளாகக் கத்தரித்து வைத்திருப்பார். மறைக்க வேண்டிய வரியின் மேல் ஒரு பட்டையை வைத்து ஜெராக்ஸ் எடுப்பார். பட்டைக்கு ஓர் எண் உண்டு. கூடவே ஒரு கடிதம்: ஒன்றாம் பட்டையின் கீழ் இருப்பது புகார் கொடுத்தவரின் பெயர், இன்ன பிரிவின்படி மறைத்திருக்கிறேன், இது தவறு என்று நினைத்தால் இன்ன அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். இப்படி ஒவ்வொரு பட்டைக்கும் எழுதுவார். "காகிதத்துக்குப் பிளாஸ்திரி போடறீங்களா மேடம்" என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

"மறைக்கறது தப்பில்லை கௌரி," என்பார். "மறைச்சிருக்கேன்னு சொல்லாம மறைக்கறதுதான் தப்பு." இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "எந்த பைலைத் தொட்டாலும் அதுக்குள்ள யாரோ ஒருத்தரோட வீட்டு விலாசம் இருக்கு." எனக்கு அது அரசு ஊழியர்கள் வழக்கமாகச் சொல்லும் சாக்குப்போக்கு மாதிரிதான் கேட்டது.

இப்போது அந்தத் தண்ணீர் விஷயம். ஊருக்கு வெளியே ஓர் ஆலை இருந்தது. அதில் வேலை செய்தவர்களில் பலர் ஹனூர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழர்கள். ஆலைக்குப் பின்னாலேயே லைன் வீடுகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே போர்வெல். தண்ணீரில் வாடை அடிக்கிறது, குழந்தைகளுக்குத் தோலெல்லாம் புண் வருகிறது என்று அங்கிருந்து ஒருவர் புகார் எழுதினார். அதிகாரிகள் தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். அறிக்கை வந்தது. வந்த அறிக்கையின் மேல் "ரகசியம்" என்று முத்திரை குத்தி, மேடத்தின் பிரிவில் இருந்த பீரோவில் வைத்துவிட்டார்கள். விசாரணை முடியவில்லையாம்.

நான் மனு போட்டேன். மேடம் தன் கையெழுத்தோடு மறுத்து எழுதினார். நேரே போய்க் கத்தினேன்.

"தண்ணியில என்ன மேடம் ரகசியம்?"

"தண்ணியில ஒண்ணும் இல்லை. தண்ணியைப் பத்தி யார் சொன்னாங்கறதுல இருக்கு. பட்டை வெச்சு நகல் கொடுத்துடலாம்னு மேல எழுதியிருக்கேன். கையெழுத்து வரணும்."

"எப்ப வரும்?"

"தெரியலை."

ஒரு மாதம் போனது. இரண்டாவது மாதமும் போனது. நடுவில் இரண்டு தடவை நினைவூட்டி எழுதினேன் என்றார். அவர் எழுதிக்கொண்டிருந்தார், அங்கே அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேடத்தின் பிரிவில் அவரோடு சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரில் ஒருவர் ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, பைலின் நான்கு பக்கங்களைப் படம் எடுத்ததைக் கொடுத்தார். ஆணா பெண்ணா என்பதைக்கூட நான் எழுதப்போவதில்லை, ஊகிக்க வேண்டாம். அவர் சொன்னது ஒன்றுதான்: அந்தத் தண்ணியைக் குழந்தைங்க குடிக்கறாங்க, என்னால தூங்க முடியலை, என் பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது. வராது என்று என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். பீரோவை யாரும் உடைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மனுவோடு வந்தவர்கள் காத்திருக்கக் கூடாது என்பதற்காக, மேடம் சாவியை மேஜை இழுப்பறையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். சாவியைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. எல்லா விதியையும் கரைத்துக் குடித்தவர், பொதுமக்களுக்காக மீறிய ஒரே விதி அது.

நான்கு பக்கத்தில் மூன்று கன்னடம். ஒன்று தமிழ்க் கையெழுத்து, மூலப் புகார்க் கடிதம். பத்திரிகையில் கன்னடப் பக்கங்களில் இருந்த பெயர்களையெல்லாம் உட்கார்ந்து கவனமாக மறைத்தோம். மேடத்தின் பட்டைகளை நினைத்துக்கொண்டே நானே செய்தேன், பெருமையாகக்கூட இருந்தது. தமிழ்ப் பக்கத்தைக் காட்டி ஆசிரியர், "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். "தண்ணீர் பற்றிய புகார்தான் சார்" என்றேன். எனக்குப் படிக்க வராது என்று சொல்ல வெட்கம். கையால் எழுதிய கடிதம், பார்க்க உருக்கமாக இருக்கிறது, கன்னடப் பத்திரிகையில் தமிழை யார் படிக்கப்போகிறார்கள் என்று சொல்லி முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டோம்.

நான்காம் நாள் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் லாரி வந்தது. போர்வெல்லுக்குச் சீல் வைத்தார்கள். ஊரே என்னைப் பாராட்டியது. இதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் குடித்திருப்பார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பாராட்டு மழையின் நடுவே மேடத்தின் போன் வந்தது. செய்தி வந்த மறுநாள் காலையிலேயே இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், திட்டுவார் என்று நான்தான் எடுக்கவில்லை.

"மூணாவது வரியில பேரு இருக்கு, ஆறாம் லைன்னு வீடும் இருக்கு. நீ தமிழ்ப் பொண்ணுதானே கௌரி, பாக்கலையா?"

"எனக்குத் தமிழ் படிக்க வராது மேடம்."

பிறகு, "அந்த மேஸ்திரிக்கு வரும்" என்றார்.

அவர் படித்தும்விட்டார். லைன் வீடுகளைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரியும் தமிழர். பத்திரிகை வந்த அன்று சாயந்திரமே முருகேசன் என்கிற அந்த மனிதரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த நாள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிச் சாமானைத் தெருவில் வைத்தார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு மகளும் இருந்தாள். நான் பெருமையோடு திரிந்த அந்த நாள்களெல்லாம் அவர்கள் உறவினர் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேடம் என்னைப் பஸ்ஸில் ஸ்ரீரங்கப்பட்டணம் கூட்டிப்போனார். அங்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் முருகேசன் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எப்படி விலாசம் பிடித்தார் என்று கேட்டேன். "தேடினேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தோட்டத்து ஓரத்தில் தகர ஷெட். நான் என்னென்னவோ சொல்லத் தயார்செய்து போயிருந்தேன். மேடம்தான் முதலில் பேசினார். "பீரோ சாவி என்கிட்ட இருந்தது. உங்க கடுதாசியைப் பத்திரமா வெச்சுக்க வேண்டியவ நான். வெச்சுக்கலை. மன்னிச்சுக்கோங்கோ." பிறகு நான் சொன்னேன், பெயர் இருந்தது எனக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று.

முருகேசனின் மனைவி எங்களை உட்காரச் சொன்னார். "பேப்பர்ல போட்டது நல்லதுதானுங்க அக்கா. போட்டதாலதான தண்ணி வந்துச்சு, நாங்க அதை இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா எங்க பேரு எதுக்குங்க அதுல? பேரு இல்லாட்டித் தண்ணி வராதுங்களா?"

கிளம்பும்போது முருகேசன், "இப்ப லாரித் தண்ணி தினமும் வருதுங்களா? ஆறாம் லைன் கடைசியில கெடக்குது, அங்க வரைக்கும் பத்துதுங்களா?" என்று மட்டும் கேட்டார். வருகிறது என்றேன். அவர்கள் திரும்பி அந்த ஆலைக்குப் போகவில்லை. மகளுக்கு ஒரு வருடப் படிப்பு வீணானது. மேடம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்து அடுத்த வருடம் சேர்த்துவிட்டார். நான் அவருக்குப் பின்னால் அலைந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அவரிடம் சண்டை போட்டேன். சண்டை போடாமல் எனக்கு மூச்சு விட வராது. "நீங்க சொன்னபடி காத்திருந்தா கையெழுத்து வந்திருக்குமா மேடம்? உண்மையைச் சொல்லுங்க."

"வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம்."

"அதுவரைக்கும் அவங்க குடிச்சிருப்பாங்க."

"ஆமா, குடிச்சிருப்பா. அதை நினைச்சு நானும்தான் சாப்பிடலை, தூங்கலை. நான் சரி, நீ தப்புன்னு சொல்லலை கௌரி. உனக்கு ஊருக்குச் சொல்ற உரிமை இருக்கு. முருகேசன் பேரைச் சொல்ற உரிமை உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் அவர்மேல் விசாரணை வந்தது. ரகசிய பைல் வெளியே போயிருக்கிறது, பொறுப்பு அவருடையது, கொடுத்ததும் அவராகத்தான் இருக்கும் என்பது மேலிடத்தின் முடிவு. என்னோடு பஸ்ஸில் போனதை யாரோ பார்த்திருந்தார்கள், அதுவும் சாட்சியாகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கொடுத்தது நீங்கள் இல்லை என்று விசாரணை அதிகாரிக்கு நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

"எங்க செக்‌ஷன்ல எத்தனை பேர்?"

"மூணு பேர்."

"என்னை எடுத்துட்டா?"

அவரே விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

"ரெண்டு பேர். நீ பேரே சொல்ல வேண்டாம், நான் இல்லைன்னு ஒரு வரி எழுதினாப் போறும், அந்த ரெண்டு பேரையும் நடுத்தெருவுல நிறுத்தின மாதிரி. அதுல ஒருத்தர் ஒண்ணுமே பண்ணாதவா."

"அப்ப உங்ககிட்ட மட்டுமாவது சொல்லிடறேன் மேடம். உங்க வேலையே போகுது, யாருன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இல்லையா? அது வந்து..."

சட்டென்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, சின்னக் குழந்தை மாதிரி. "சொல்லாதே. தெரிஞ்சா நாளைக்கு அவா கேக்கறப்போ நான் சொல்லணும். எனக்குப் பொய் எழுத வராது. தெரியாதுங்கறதை உண்மையா எழுதவிடு. உன்கிட்ட நம்பிச் சொன்னா இல்லையா, உன்கிட்டயே வெச்சுக்கோ."

அந்தக் கசிவு தப்பு என்று கடைசிவரை நினைத்தவர் அவர். அதைச் செய்தவர் கிடைத்தால் நன்றாகத் திட்டியும் இருப்பார். ஆனால் காட்டிக்கொடுக்க மட்டும் அவருக்கு மனமில்லை. ரகசியத்தைக் காப்பது என்றால் அரசாங்கத்தைக் காப்பது என்று அதுவரை நினைத்திருந்த என் மண்டையில் அன்றைக்குத்தான் ஏதோ இறங்கியது.

விசாரணைக்கு அவர் கொடுத்த பதில் இரண்டே வாக்கியம். பீரோவின் சாவி என் வசம் இருந்தது. பொறுப்பு என்னுடையது. கிடைக்கவிருந்த பதவி உயர்வை நிறுத்தினார்கள். சாமராஜநகருக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை தினமும் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வந்தார். அங்கே போயும் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அந்த அலுவலகத்துப் பியூன் தன் மகள் கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தாராம்; அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தண்டனையைக்கூடத் தாங்கிக்கொண்டார், பாராட்டைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஓய்வுபெற்ற வருடம் விஜயநகரில் குடியிருப்போர் சேர்ந்து ஒரு விழா எடுத்தார்கள். மக்களுக்காகத் துணிந்து ரகசியத்தை வெளியிட்ட வீரப் பெண்மணி என்று மேடையில் பேசினார்கள். இல்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் பாக்கி இரண்டு பேர். ஆமாம் என்று சொன்னால் பொய். சுகர் மாத்திரையை வெறும் வாயில் மென்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சால்வை போர்த்தினார்கள். பேசச் சொன்னதற்கு மைக்கைப் பிடித்து, "எல்லாரும் குழாய்த் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. இறங்கி வந்ததும் சால்வையை என் மடியில் போட்டு, "இந்தா, இது உன்னோடது. பாதி உனக்கு, பாதி உன் சத்தியத்துக்கு" என்றார். அன்று நாங்கள் இருவரும் சிரித்ததைப் பார்த்து ரமாவுக்குக் கோபமே வந்தது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வருவார். ஊரில் யார் யாரோ போடும் மனுக்களை நான் வாங்கி வைத்திருப்பேன், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து திருத்துவார். நான் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டது அதற்கெல்லாம் முன்பே. யாரும் சொல்லவில்லை, முருகேசன் மனைவி கேட்ட கேள்விக்குப் பிறகு ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி நானே உட்கார்ந்தேன். முதல் முதலாகப் படிக்க எடுத்த கையெழுத்துப் பிரதி அந்தப் புகார்க் கடிதம்தான். மூன்றாவது வரி வந்ததும் மூடி வைத்துவிட்டேன். இன்று இவ்வளவையும் தமிழில் எழுதுகிறேன் என்றால் அதன் தொடக்கம் அங்கேதான்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். மேடத்தின் பிரிவில் இருந்த அந்த இருவரும். சேர்ந்து வந்ததைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. பைலைக் கொடுத்தவர் அந்த வாரமே மற்றவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். மற்றவர் பதினோரு வருடம் மூச்சு விடவில்லை. பதிமூன்றாம் நாளன்று ரமா வந்தவர்களிடமெல்லாம் அம்மாதான் பைலைக் கொடுத்தாள் என்று பெருமையாகச் சொன்னதைக் கேட்டு, இருவரும் பந்தியில் பாதியிலேயே எழுந்து போயிருக்கிறார்கள்.

கொடுத்தவர், "என் பெயரைப் போட்டே எழுதுங்கள்" என்று கன்னடத்தில் சொன்னார். "மேடம் செய்யாததற்குத் தண்டனையும் அனுபவித்தார்கள், பாராட்டும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு இனி முடியாது."

மற்றவர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "பெயர் வேண்டாம். மேடம் இல்லை, மற்ற இருவரில் ஒருவர் என்று எழுதுங்கள். ஊர் என்னையும் சேர்த்துச் சந்தேகப்படட்டும். மேடம் மூன்று பேர் சுமையை ஒண்டியாகச் சுமந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்."

ஒன்றுமே செய்யாதவர் அவர். இருவரில் ஒருவருக்கு இன்னும் பணிக்காலம் பாக்கி இருக்கிறது. யாருக்கு என்று கேட்காதீர்கள்.

அச்சுக்குப் போகும் முன் ரமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். எல்லாவற்றையும் கேட்டாள். "அப்போ அந்தச் சால்வையை எதுக்கு வாங்கிண்டா?" என்றாள். காரணத்தைச் சொன்னேன். "என் பசங்ககிட்ட இத்தனை வருஷமா இதைத்தான் சொல்லி வளர்த்திருக்கேன் கௌரி. பாட்டி யாருக்கும் பயப்படாம பைலை வெளியே கொடுத்தான்னு. இப்போ நான் என்ன சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லுங்க ரமா. இது அதைவிடப் பெருசு."

"யாரு அது? அம்மாவுக்காவது தெரியுமா?"

"தெரியாது. சொல்லப் போனேன். காதைப் பொத்திக்கிட்டாங்க."

ரமா முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். "அவ அப்படித்தான்" என்றாள். யார் என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

மேடம், நான் உங்களுக்குப் பட்ட நன்றிக்கடன் கொஞ்சநஞ்சம் இல்லை. என் கோபத்தை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினீர்கள். நான் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியபோது என்னை ஒதுக்காமல், கூடவே பஸ் ஏறி வந்தீர்கள். இவையெல்லாம் ஊரில் பலருக்கும் நீங்கள் கொடுத்தவைதான். நீங்கள் கொடுத்தது என்று என்னிடம் மட்டும் இருப்பது ஒன்றுதான். உங்கள் பதவி உயர்வும், சாமராஜநகர் பஸ்ஸும், செய்யாத காரியத்துக்கான சால்வையும் எல்லாம் ஒரே ஒரு பெயரைக் கேட்டிருந்தால் மாறியிருக்கும். கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. நீங்கள் கேட்கவில்லை. வெளியே விடுவதையே பிழைப்பாகக் கொண்ட என் வாயில் அந்தப் பெயரை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அது பத்திரமாக இருக்கிறது மேடம்.